ஊதுகிறவர்கள் வெளியே

பாளையங்கோட்டை,
29.8.2021

அன்புள்ள தம்பி எஸ்றாவுக்கு,

ஸ்தோத்திரம். கர்த்தர் கிருபையால் நானும் உன் அத்தானும் சுகம். அத்தானுக்கு இரண்டாவது கொரோனா ஊசி போட்டு ஒரு நாள் கை வலித்தது, அதற்கு ஒரு வாரம் முனகினார். நீ எப்படி இருக்கிறாய்? ஜூனில் வந்த அந்த மூன்று நாள் காய்ச்சலுக்குப் பிறகு உடம்பு தேறிவிட்டதா? ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்கிற கம்பவுண்டர் தான் ஒரு மாத்திரை போட மாட்டான் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன்.

போன் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது. முன்பெல்லாம் ஞாயிறு சாயங்காலம் ஆனால் சிலுவைமேட்டில் ஏறி நின்று பேசுவாய். உங்கள் எஸ்டேட்டில் டவர் கிடைக்கிற ஒரே இடம் அதுதான் என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஜூனுக்குப் பிறகு ஒரு பேச்சு இல்லை. டவர் கெட்டுவிட்டது என்று ஒரு கார்டு போட்டாய், சரி. வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்கைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது? தபாலாபீசில் கவர் வாங்கி வந்துவிட்டேன். எழுதி வெகு காலம் ஆயிற்று, கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

செய்தி இதுதான். ஒன்றாம் தேதி கல்லூரி திறக்கிறார்கள். முதல்வர் என்னைக் கூப்பிட்டு, ஆர்கெஸ்ட்ராவைத் தாராளமாக நடத்துங்கள், ஆனால் உங்கள் ஒத்திகையால் ஒரு பிள்ளைக்கு நோய் வந்தது என்று தெரிந்தால் அன்றைக்கே ஹாலைப் பூட்டிவிடுவேன் என்றார். பெரிதாகத் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வந்த பிறகுதான் யோசிக்கிறேன். வயலின், செல்லோக்காரர்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டு வாசிக்கலாம். புல்லாங்குழலும் கிளாரினெட்டும் டிரம்பெட்டும் ஊதுகிறவர்கள் என்ன செய்வார்கள்? கோர்ட்டில் எல்லோரும் வீடியோவில்தான் வாதாடுகிறார்கள், நீயும் வீடியோவில் நடத்து என்கிறார் உன் அத்தான். அதையும் செய்து பார்த்தாயிற்று. ஒருத்தி முடிக்கிற நேரத்தில் இன்னொருவன் தொடங்குகிறான். நீ ஆஸ்பத்திரியில் இருக்கிறவன், எது செய்யலாம், எது கூடாது என்று விவரமாக எழுது.

இன்னொன்று. போன வருஷம் கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனையே நடக்கவில்லை. பழைய மாணவர் ஒருவர் ஹாலின் உள்மாடியில் நின்று டிரம்பெட் ஊதிய பிறகுதான் நம் கல்லூரியில் கேரல் தொடங்கும். நீ படித்து முடித்ததிலிருந்து அந்த மாடி உன்னுடையது. இந்த வருஷம் டிசம்பர் 18, சனிக்கிழமை. இப்போதே லீவு சொல்லி வை. நீ அங்கே நின்று ஊதுவதை ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், இந்த இரண்டு வருஷமும் எனக்குக் கழிந்துவிடும்.

உன்னைப் பார்க்க ஆசையாக இருக்கிறதடா. உடனே பதில் போடு.

உன் அக்கா,
ஜெசி

*

மாஞ்சோலை மலை,
8.9.2021

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நல்ல சுகம். இங்கே விடாமல் சாரல், அட்டைக் கடி, வேறு விசேஷம் இல்லை. அத்தானின் கை வலி தீர்ந்தது குறித்து சந்தோஷம்.

நீ கேட்ட விஷயம். இந்த நோய் பீடிப் புகை மாதிரி என்று நினைத்துக்கொள். மூடின அறையில் ஒருவன் பீடி குடித்தால் எந்த நாற்காலிவரை நாற்றம் போகுமோ அந்த நாற்காலிவரை இதுவும் போகும். ஆகவே ஹாலில் உள்ள ஜன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும். மேற்குப் பக்கம் இரண்டு ஜன்னல்கள் நான் படிக்கிற காலத்திலேயே திறக்க வராது. ஆசாரியைக் கூப்பிட்டு அவற்றைத் திற. நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போடு. அரை மணி வாசித்தால் எல்லோரும் எழுந்து வெளியே போய்விட வேண்டும், அறை காற்றாட வேண்டும். டிரம்பெட்டில் தேங்குகிற எச்சில் தண்ணீரைத் தரையில் விடாமல் பழைய பேப்பரில் வடித்து எரிக்கச் சொல்.

ஊதுகிறவர்களை ஹாலுக்குள் விடாதே. மைதானத்து வேப்பமரத்தடியில் உட்காரட்டும். மழை என்றால் அன்றைக்கு அவர்களுக்கு ஒத்திகை இல்லை. யாராவது இருமினால் வெட்கம் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பு.

கேரலுக்கு வருவதைப் பற்றி இப்போது சொல்ல முடியவில்லை. இங்கே ஊசி போடும் வேலை நிறைய இருக்கிறது. பார்ப்போம்.

அன்புள்ள தம்பி,
எஸ்றா

*

பாளையங்கோட்டை,
25.9.2021

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம், நீயும் சுகமென்று நம்புகிறேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அத்தான், இது கடிதமா மருந்துச் சீட்டா என்று கேட்டார். இருந்தாலும் நீ எழுதியபடியே எல்லாம் செய்தேன். மேற்கு ஜன்னல்களைத் திறக்க ஆசாரி அரை நாள் மல்லுக்கட்டினார்.

தள்ளித் தள்ளி உட்கார்ந்தால் ஒரு வம்பு இருக்கிறது, அது உனக்குத் தோன்றியிருக்காது. கடைசி வரிசையில் இருக்கிற செல்லோவின் சத்தம் முன்வரிசைக்கு வந்து சேரவே கொஞ்சம் நேரம் ஆகிறது. பிள்ளைகள் பழக்கதோஷத்தில் காதால் கேட்டுக் கேட்டு வாசிக்கிறார்கள். பாட்டு இழுத்துக்கொண்டே போய், பாதியில் நொண்டுகிறது. இத்தனை வருஷம் பக்கத்தில் இருக்கிறவரைக் கேட்டு வாசி, கேட்டு வாசி என்று நானே சொல்லிக்கொடுத்தேன். இப்போது, காதில் விழுகிறது பழைய சத்தம், அதை நம்பாதே, என் கையை மட்டும் பார் என்று கத்த வேண்டியிருக்கிறது. முகக்கவசத்துக்குள் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

பெரிய வம்பு வேறு. கிளாரினெட் வாசிக்கிற சுஜின், காய்ச்சலோடு வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முழு ஒத்திகையும் ஊதியிருக்கிறான். சொன்னால் அனுப்பிவிடுவேன் என்று மறைத்துவிட்டான். பரிசோதனையில் ஒன்றும் இல்லை, வெறும் காய்ச்சல்தான். ஆனால் முடிவு வருகிறவரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சொல்லித் தொலைக்காமல் இப்படி மறைக்கிறவர்களை என்ன செய்வது, நீயே சொல். முதல்வர் முகத்தில் விழிக்க முடியவில்லை. நானே முடிவு பண்ணிவிட்டேன். இந்த வருஷம் ஊதுகிறவர்கள் யாரும் வேண்டாம், மைதானத்திலும் வேண்டாம். வயலின், வயோலா, செல்லோவை வைத்தே கேரலை நடத்துகிறேன்.

பொன்செல்வி என்று ஒரு பிள்ளை. சாத்தான்குளம் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். அப்பா உடன்குடியில் கருப்பட்டிச் சிப்பம் ஏற்றுகிறவர். நீ விட்டுப் போன டிரம்பெட் நாற்காலியில் அவள்தான் இப்போது இருக்கிறாள். வர வேண்டாம் என்று சொன்ன பிறகும் வந்து, வராந்தாவில் ஜன்னலுக்கு வெளியே டிரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். போய்த் திட்டினேன். "நான் ஊதல மிஸ். சும்மா விரல மட்டும் போட்டுக்கிடுதேன்" என்றாள். அப்படியே இருக்க விட்டேன்.

இப்போது உன் விஷயம். மாடியில் நின்று ஊதுவதும் இந்த வருஷம் இல்லை. பிள்ளைகளை நிறுத்திவிட்டு என் தம்பிக்கு மட்டும் மாடியைத் திறந்துவிட்டால் நன்றாகவா இருக்கும்? கோவித்துக்கொள்ளாதே. நீ வந்து முன்வரிசையில் உட்கார், அது போதும் எனக்கு. மெர்வின் மாமா சொன்ன அந்தப் பெண் வீட்டிலும் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். வயது முப்பத்திமூன்று ஆகிறது, ஞாபகம் இருக்கட்டும்.

அன்பு அக்கா,
ஜெசி

*

மாஞ்சோலை மலை,
6.10.2021

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

நீ செய்தது சரி. எனக்குக் கோபம் இல்லை. லீவு கிடைப்பது கஷ்டம். பெண் வீட்டாரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடு.

எஸ்டேட் பஸ் கண்டக்டர் இசக்கிதுரையிடம் என் டிரம்பெட்டைக் கொடுத்துவிட்டிருக்கிறேன். இங்கே ஈரத்தில் பெட்டியெல்லாம் பூசணம் பிடிக்கிறது. கல்லூரி டிரம்பெட்டின் வால்வுகள் சிக்கும், எனக்குத் தெரியும். இதைப் பொன்செல்விக்குக் கொடு. விரல் போட்டுப் பழகவாவது நல்ல வால்வு இருக்கட்டும்.

தம்பி,
எஸ்றா

*

பாளையங்கோட்டை,
15.10.2021

எஸ்றாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம்.

டிரம்பெட் வந்து சேர்ந்தது. யூரியா சாக்கில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டி, ஏதோ பலாப்பழம் அனுப்புகிற மாதிரி அனுப்பியிருக்கிறாய். பஸ் ஸ்டாண்டில் இசக்கிதுரை அதை என் கையில் தந்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து திறந்த பிறகுதான் புரிந்தது.

நான் முதல் சம்பளத்தில் உனக்கு வாங்கிக் கொடுத்தது அது. நீ எஸ்டேட் வேலைக்குப் போகும்போது வேட்டி சட்டையைக்கூட மறந்துவிட்டு அதைத்தான் தூக்கிக்கொண்டு போனாய். அக்கா கொடுத்ததைத் திருப்பி அனுப்பினால் என்ன அர்த்தம் என்று நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாடியை மறுத்ததற்கு இப்படியா பழிவாங்குவது? கோபம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். கோபம் இருக்கிறவன்தான் அப்படி எழுதுவான். பிள்ளைகளிடம் நான் எப்படி நியாயம் பேசுவேன் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா?

பெட்டியில் மவுத்பீஸ் இல்லை. அவசரத்தில் விட்டுவிட்டாயா, இல்லை அக்காவிடம் அதுகூடத் தரக்கூடாது என்று வைத்துக்கொண்டாயா? கல்லூரி மவுத்பீஸைப் போட்டுத்தான் பொன்செல்விக்குக் கொடுத்தேன். அவள் அதைத் துடைத்துத் துடைத்து, நாளெல்லாம் மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். அதைப் பார்க்கிறபோது சந்தோஷமாகவும் இருக்கிறது, உன்மேல் ஆத்திரமாகவும் இருக்கிறது.

ஜெசி

*

பாளையங்கோட்டை,
2.11.2021

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதிலுக்குக் காத்திருந்து கண் பூத்துவிட்டது. சுகம்தானே?

நேற்று இசக்கிதுரையைப் பஸ் ஸ்டாண்டில் பிடித்தேன். என்னைப் பார்த்ததும் விசில் ஊதி வண்டியை எடுக்கப் பார்த்தான், நான் விடவில்லை. எஸ்றா எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். "எஸ்றா சாரா? நல்லா இருக்காகம்மா. இப்ப முன்ன மாதிரி லைன் வீட்டுக்கெல்லாம் வாரதில்ல. உக்காந்த எடத்துலயே மருந்து கொடுக்காக" என்றான். அடேயப்பா, பெரிய ஆபீசர் ஆகிவிட்டாய் போல. காய்ச்சல்காரர்களைத் தேடித் தேடித் தொழிலாளர் குடியிருப்பில் லைன் லைனாக நடக்கிறவன் இப்போது நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறாயாம்.

அதுகூடப் போகட்டும். டவர் எப்போது சரியாகும் என்று கேட்டேன். "டவரா? சிலுவைமேட்டுல நல்லா கெடைக்கே" என்றான். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஆக, டவர் இருக்கிறது. என்னிடம் பேசத்தான் உனக்கு மனசில்லை. அம்மா போன பிறகு உன்னை நான் பார்த்துக்கொண்டேன் என்று சொல்லிக்காட்ட எனக்குப் பிடிக்காது. சொல்லவும் மாட்டேன். ஆனால் ஞாயிறு சாயங்காலம் ஆனால் போனைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நிற்கிறேன் எஸ்றா. உன் அத்தான் பார்த்துவிட்டு உள்ளே போகிறார்.

என்ன குற்றம் செய்தேன் என்று ஒரு வரி எழுது.

அக்கா

*

மாஞ்சோலை மலை,
11.11.2021

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதத்துக்கு மன்னித்துக்கொள். மழையில் கீழே ரோடு அரித்துக்கொண்டு போய்விட்டது. பஸ் பாதிவரைதான் வருகிறது. அங்கிருந்து உடைந்த இடத்தை இறங்கி ஏறிக் கடந்து, இந்தப் பக்கம் நிற்கிற ஜீப்பைப் பிடிக்க வேண்டும். தபாலும் அப்படித்தான் வருகிறது.

நீ ஒரு குற்றமும் செய்யவில்லை. உன்மேல் எனக்கு என்ன கோபம் இருக்கப்போகிறது. முற்றத்தில் பனியில் நிற்காதே.

மவுத்பீஸ் இங்கே கிடக்கிறது. பிறகு அனுப்புகிறேன். வால்வுகளுக்கு வாரம் ஒரு தடவை எண்ணெய் விடச் சொல்.

தம்பி,
எஸ்றா

*

பாளையங்கோட்டை,
27.11.2021

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். இங்கேயும் விடாமல் மழை. ஆற்றில் வெள்ளம் வந்து குறுக்குத்துறைக் கோயில் முங்கிக் கிடக்கிறது. வண்ணாரப்பேட்டை வழியாக வருகிற பிள்ளைகள் முழங்கால்வரை நனைந்துதான் வருகிறார்கள்.

உன் கடிதத்தைப் பத்துத் தடவை படித்தேன். கோபம் இல்லை என்று மறுபடியும் எழுதியிருக்கிறாய். ஏன் பேசவில்லை என்று எழுதவில்லை. சரி, தோற்றது நானாகவே இருக்கட்டும்.

முதல்வரிடம் பேசிவிட்டேன். எல்லாப் பிள்ளைகளும் ஊசி போட்டாயிற்று, நோயும் குறைந்துவிட்டது, ஊதுகிறவர்களையும் சேர்த்துக்கொள்கிறேன் என்றேன். பொறுப்பு முழுக்க உங்களுடையது என்று சொல்லிவிட்டார். டிசம்பர் 6, திங்கள்கிழமையிலிருந்து அவர்கள் ஹாலுக்குள் வருகிறார்கள். மைதானம் சேறும் சகதியுமாகக் கிடக்கிறது, அங்கே உட்கார வழியே இல்லை. மழைச்சாரல் அடிக்கிற பக்கத்து ஜன்னல்களைச் சாத்திக்கொள்ளலாம், மற்றது திறந்திருக்கும். முழு ஆர்கெஸ்ட்ராவும் உட்கார வேண்டுமானால் நாற்காலிகளைக் கொஞ்சம் நெருக்கித்தான் போட வேண்டும். ஒன்றும் ஆகாது.

சொன்னதும் சுஜின் வராந்தாவிலேயே குதித்தான். பொன்செல்வி அழுதுவிட்டாள்.

மாடியும் உனக்குத்தான். இதை உன்னிடம் மறைக்கவில்லை: உனக்காகத்தான் எல்லாவற்றையும் மாற்றினேன். பிள்ளைகளுக்காக என்று முதல்வரிடம் சொன்னதில் பாதி பொய். நீ ஊதாத கேரலை நடத்த எனக்குக் கை எழவில்லை. ஹாலில் ஒத்திகை பார்க்கும்போதெல்லாம் கண் மாடிக்குத்தான் போகிறது, அங்கே ஒட்டடை தொங்குகிறது. டிரம்பெட்டைப் பொன்செல்வி அன்றைக்கு ஒரு நாள் தந்துவிடுவாள், கேட்டுவிட்டேன். நீ மவுத்பீஸை எடுத்துக்கொண்டு வந்தால் போதும்.

வா தம்பி. சண்டை எல்லாம் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

அன்பு அக்கா,
ஜெசி

*

மாஞ்சோலை மலை,
3.12.2021
(இசக்கிதுரை கையில்)

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் என்று எழுதித்தான் எப்போதும் தொடங்குவேன். இந்தத் தடவை அப்படி எழுதவில்லை. திங்கள்கிழமைக்கு முன்னால் உனக்குக் கிடைக்க வேண்டும் என்பதால் இசக்கிதுரையிடம் கொடுத்துவிடுகிறேன். இதைப் படிக்கிறவரை அவன் நகர மாட்டான், அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

ஊதுகிறவர்களை ஹாலுக்குள் கொண்டுவராதே. ஒரு ஜன்னலைக்கூடச் சாத்தாதே. எனக்காக என்றால் கண்டிப்பாகச் சாத்தாதே.

ஜூனில் எனக்கு வந்தது மூன்று நாள் காய்ச்சல் இல்லை. அப்போது கீழே எந்த ஆஸ்பத்திரியிலும் படுக்கை கிடைக்கவில்லை, உனக்கு நினைவிருக்கும். எங்கள் சின்ன வார்டிலேயே பத்துப் பேரைப் படுக்க வைத்தோம். ஒரே மழை, குளிர். நோயாளிகள் நடுங்குகிறார்கள் என்று நான்தான் ஜன்னல்களைச் சாத்தினேன். சாத்தின அறையில் நாளெல்லாம் நின்றேன். ஒவ்வொருவராக எல்லோருக்கும் நோய் கூடிவிட்டது, கடைசியில் எனக்கும் தொற்றிவிட்டது. ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்து எழுந்தேன், ஆனால் நுரையீரலில் தழும்பு நின்றுவிட்டது. ஆகஸ்டில் அம்பாசமுத்திரத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். போகப் போகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார் டாக்டர்.

ஆபீசர் ஆகிவிட்டேன் என்று எழுதியிருந்தாயே. லைன் வீடுகளுக்கு நடந்தால் பாதியில் மூச்சு நின்றுவிடுகிறது அக்கா. அதனால்தான் உட்கார்ந்து மருந்து கொடுக்கிறேன். சிலுவைமேட்டில் டவர் இருக்கிறது. என்னால் அந்த மேட்டில் ஏற முடியவில்லை. ஜூலையில் ஒரு தடவை ஏறிப் பார்த்தேன். தேயிலை நுள்ளுகிற முப்பிடாதியும் அவள் புருஷனும் என்னைக் கைத்தாங்கலாகத் தூக்கி வந்தார்கள். இசக்கிதுரைக்கு எல்லாம் தெரியும். சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினது நான். அவனைத் திட்டாதே.

ஏறி வந்து பேசினாலும் நீ கண்டுபிடித்திருப்பாய். முப்பது பிள்ளைகள் வாசிக்கும்போது யார் தப்பான இடத்தில் மூச்சு எடுத்தான் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்கிறவள் நீ. உன் காதுக்குப் பயந்துதான் போனில் பேசாமல் எழுதினேன். தெரிந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஏறி வந்துவிடுவாய், உனக்கும் ஒட்டிவிடும் என்று முதலில் நினைத்தேன். பிறகு அந்தக் காரணம் போன பிறகும் சொல்ல முடியவில்லை. என்னை யாருக்குக் காட்டினாலும், இவன் என் தம்பி, டிரம்பெட் ஊதுவான் என்றுதான் சொல்வாய். ஊதாத தம்பியை எப்படிச் சொல்வாய் என்று எனக்குப் பயமாக இருந்தது.

டிரம்பெட்டைக் கோபத்தில் அனுப்பவில்லை. அது மூலையில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளை வெறும் விரலைப் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே இருக்கிறாள் என்று நீ எழுதியதும், அதைத் தூங்கவிடக் கூடாது என்று தோன்றியது. மவுத்பீஸை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை. தினமும் காலையில் வாயில் வைத்து ஊதிப் பார்க்கிறேன். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. இப்போது கன்றுக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வருகிறது. அவ்வளவுதான் வருகிறது.

சுஜின் காய்ச்சலை மறைத்தான், மறைக்கிறவர்களை என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். அந்த வரிக்குப் பதில் எழுத எனக்கு இத்தனை நாள் ஆகிவிட்டது.

பிள்ளைகளின் மூச்சைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

எஸ்றா

*

பாளையங்கோட்டை,
6.12.2021
(இசக்கிதுரை கையில்)

என் அன்புத் தம்பி எஸ்றாவுக்கு,

நீ சுகமில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். அதனால் இந்தத் தடவை சுகம் விசாரிக்கவில்லை.

முதலில் திட்டிவிடுகிறேன். படுபாவி. ஆக்சிஜன் வைத்துப் படுத்துக் கிடந்தவன் எனக்கு மூன்று நாள் காய்ச்சல் என்று கார்டு போட்டிருக்கிறாய். நான் இங்கே உட்கார்ந்து வால்வு, மவுத்பீஸ், பெண் வீடு என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆபீசர் என்று எழுதின கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அத்தான் வாங்கிப் படித்தார். அடுப்பை அணைத்துவிட்டு, என் பக்கத்தில் அவரும் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

அன்றைக்கே கிளம்பி வர நின்றோம். ரோடு சரியாகிறவரை எஸ்டேட்காரர்களைத் தவிர யாரையும் செக்போஸ்டில் விடமாட்டார்களாம். அத்தான் வன அலுவலகத்துக்கு மனு கொடுத்திருக்கிறார். உடைந்த ரோட்டில் இறங்கி ஏறி நீ வரவேண்டாம். கேரலுக்கு வா என்று இனி எழுதமாட்டேன்.

இன்று காலை பிள்ளைகள் எல்லோரும் வாத்தியப் பெட்டியோடு ஹால் வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே விடவில்லை. வாசலிலேயே நிறுத்தி, இப்படி ஜன்னலைச் சாத்தின அறையில்தான் என் தம்பிக்கு டிரம்பெட் ஊதுகிற மூச்சு போயிற்று என்று சொன்னேன். அழக்கூடாது என்று நினைத்துத்தான் போனேன், முடியவில்லை. சுஜின் தானாகவே போய்ச் சாரல் பக்கத்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தான். முன்வரிசைப் புத்தகங்கள் எல்லாம் நனைந்தன. நனையட்டும் என்று விட்டுவிட்டேன். ஊதுகிறவர்கள் வராந்தா நெடுக, ஜன்னலுக்கு வெளியே தள்ளித் தள்ளி நிற்கிறார்கள். உள்ளே இருக்கிறவர்களுக்கும் வெளியே நிற்கிறவர்களுக்கும் தெரிகிற மாதிரி நான் வாசல்படியில் ஒரு பெஞ்சைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றேன். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக எல்லோரும் சேர்ந்து முடித்தார்கள்.

கேரல் அன்றைக்குப் பொன்செல்வியை மாடிக்கு அனுப்பப் போவதில்லை. மைதானத்து வேப்பமரத்தடியில் குடை பிடித்துக்கொண்டு நின்று உன் டிரம்பெட்டில் ஊதுவாள். இன்று அங்கே ஊதிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "அந்தச் சாருக்கு இது கேக்குமா மிஸ்" என்று கேட்டாள். மலைக்குக் கேட்காது என்றேன். இன்னும் கொஞ்சம் சத்தமாக ஊதுகிறேன் என்றாள்.

எஸ்றா, இதையும் சொல்லிவிடுகிறேன். ஊதாத தம்பியை எப்படிச் சொல்வாய் என்று எழுதியிருந்தாய். இவன் என் தம்பி என்று சொல்வேன். அதற்கு மேல் யாராவது கேட்டால் அவர்களுக்கு வேறு வேலை இல்லை என்று அர்த்தம்.

மவுத்பீஸ் உன்னிடமே இருக்கட்டும், அனுப்பாதே. என் காதுக்குப் பயந்தேன் என்று எழுதினாயே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. உன் மூச்சு வாங்குகிற சத்தத்தை நான் கேட்கக் கூடாது என்றுதானே ஆறு மாதம் கடிதத்துக்குள் ஒளிந்துகொண்டாய்? எனக்கு அந்தச் சத்தம்தான் வேண்டும். நீ பேசக்கூட வேண்டாம். என்றைக்கு அந்த மேட்டில் ஏற முடிகிறதோ அன்றைக்குக் கூப்பிடு. அடுத்த வருஷம் ஆனாலும் சரி. முற்றத்தில்தான் நிற்பேன்.

அக்கா

*

மாஞ்சோலை மலை,
10.12.2021
(இசக்கிதுரை கையில்)

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்களாக. உன் கடிதம் கிடைத்தது. ரோடு சரியான பிறகு வாருங்கள், லைன் வீட்டில் படுக்க இடம் இருக்கிறது.

அடுத்த வருஷம்வரை உன்னை முற்றத்தில் நிற்க வைக்க முடியாது. நாளை மறுநாள் ஞாயிறு, மழை வெறித்திருந்தால் சிலுவைமேட்டில் ஏறப் போகிறேன். முப்பிடாதி கூட வருகிறாள். நடுவில் உட்கார அவள் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வருகிறாளாம். "பைய வாங்க சார், மேடு எங்கயும் ஓடிப் போயிராது" என்கிறாள். எத்தனை தடவை உட்காருவேன் என்று தெரியாது. எப்போது போய்ச் சேருவேன் என்றும் சொல்ல முடியாது. கோயிலுக்குப் போனாலும் போனைக் கையில் வைத்திரு.

நீ எடுத்தவுடன் நான் பேசமாட்டேன். ஏறி வந்த மூச்சு அடங்கக் கொஞ்சம் நேரம் ஆகும். எஸ்றா எஸ்றா என்று கத்தாதே. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதே. சத்தம் ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். அது நான்தான்.

உன் தம்பி,
எஸ்றா